மூச்சுக்கு முந்நூறு கணக்கு

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போகிற எல்லோரும் வென்டிலேட்டரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அலை அலையாக ஓடும் வண்ணக் கோடுகள், நொடிக்கு நொடி மாறும் எண்கள், நேரங்காலம் பார்க்காமல் கத்தும் அலாரம். இன்று நமக்கு அந்த முகம் வேண்டாம். பெட்டிக்குப் பின்பக்கம் போவோம், மூடியைக் கழற்றுவோம், உள்ளே தலையை நீட்டிப் பார்ப்போம். அங்கே நடக்கிற கூத்தைப் பார்த்தால் கொஞ்ச நேரம் நமக்கே மூச்சு விட மறந்துபோகும்!

நாம் கழற்றப் போவது ஏதோ ஒரு வென்டிலேட்டரை இல்லை. டாக்டர் ஒரு எண்ணை வைத்துவிட்டுப் போனால் விடிய விடிய அதையே ஒப்பிக்கிற ரகத்தை விட்டுவிடலாம். குழந்தை எப்படி மூச்சு விடுகிறது என்று தானே பார்த்து, தானே கணக்குப் போட்டு, தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிற ரகம் ஒன்று இருக்கிறது. தானியங்கி வென்டிலேட்டர். உள்ளே போகும் முன் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பெட்டிக்கு மூச்சு கொடுக்கத் தெரிவது பெரிய விஷயமே இல்லை. மூச்சு கொடுக்காமல் இருக்கத் தெரிவதுதான் விஷயம்.

நாற்பது மீட்டரிலிருந்து ஒரு சாணுக்கு

பயணம் சுவரில் தொடங்குகிறது. படுக்கைக்குப் பின்னால் இரண்டு இணைப்புகள். ஒன்றில் ஆக்சிஜன், மற்றொன்றில் அழுத்தப்பட்ட காற்று. இரண்டும் ஏறத்தாழ 4 பார் அழுத்தத்தில் சீறக் காத்திருக்கின்றன. நுரையீரல் கணக்குக்காரர்கள் அழுத்தத்தைத் தண்ணீரின் உயரத்தில் அளப்பார்கள். அப்படிப் பார்த்தால் 4 பார் என்பது சுமார் 40 மீட்டர் உயரத் தண்ணீர். குழந்தையின் நுரையீரலுக்கு வேண்டியதோ பெரும்பாலும் 15 முதல் 30 சென்டிமீட்டர்தான். ஒரு சாண் உயரம்! பத்து மாடிக்கு மேல் நிற்கிற தண்ணீரின் அழுத்தத்தை ஒரு சாணுக்கு அடக்கி, அதையும் முரட்டுத்தனம் இல்லாமல், நிமிடத்துக்கு 40 தடவை செய்ய வேண்டும். பெட்டிக்குள் இருக்கிற வால்வுகளின் முழு நேர வேலை இதுதான். சில பெட்டிகள் சுவர்க் காற்றே வேண்டாம் என்று சொல்லிவிடும். உள்ளே சுழலும் டர்பைன் அறைக் காற்றை உறிஞ்சித் தானே தள்ளிக்கொள்ளும்.

அடக்கிய காற்று ஈரமே இல்லாத வறண்ட காற்று. அதை அப்படியே அனுப்பினால் சளி கெட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். ஆகவே வழியில் ஒரு குளியல்: ஈரப்பதமூட்டியில் சூடான தண்ணீருக்கு மேலாகப் போய், நீராவியைச் சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் வெளியே வருகிறது. நம் மூக்கு சம்பளம் வாங்காமல் செய்து வந்த வேலைக்கு இங்கே தனியாக ஒரு இயந்திரம், ஒரு சூடேற்றும் கம்பி, ஒரு வெப்ப சென்சார், ஒரு அலாரம்.

அடுத்து, ஆங்கில ‘ஒய்’ வடிவத்தில் ஒரு இணைப்பு. உள்ளே போகும் காற்றும் வெளியே வரும் காற்றும் இங்கேதான் பிரிகின்றன. அதற்கும் குழந்தைக்கும் இடையில் இருக்கிற விரல் நுனி அளவு துண்டுதான் இன்றைய சுற்றுலாவின் நட்சத்திரம்: காற்றோட்ட சென்சார். சில வகைகளில் உள்ளே ஒரு மெல்லிய கம்பி சூடேற்றப்பட்டிருக்கும். காற்று கடந்து போகும்போது கம்பி குளிரும். மீண்டும் சூடாக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது என்று பார்த்தே எவ்வளவு காற்று போனது என்று பெட்டி தெரிந்துகொள்ளும். குழந்தையின் வாய்க்கு இவ்வளவு பக்கத்தில் அதை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டிக்குள்ளேயே வைத்து அளந்தால், நீண்ட குழாய்கள் அழுத்தத்தில் விரிவதாலும் காற்றே அழுந்துவதாலும் தொலைகிற கொஞ்சம் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். பெரியவருக்கு அந்தக் கொஞ்சம் சில்லறைக் காசு. 3 கிலோ குழந்தைக்கோ மொத்தச் சொத்தே அதுதான்.

ஏன் என்றால் குழந்தைக்கான ஒரு மூச்சின் அளவு, எடையில் கிலோவுக்கு 5 முதல் 8 மில்லி லிட்டர். 3 கிலோ குழந்தைக்கு 15 முதல் 24 மில்லி லிட்டர், அதாவது மூன்று முதல் ஐந்து தேக்கரண்டி. அவ்வளவுதான் மூச்சு! அதுவும் போகிற பாதை, குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் செருகியிருக்கும், சுமார் 3.5 மில்லி மீட்டர் உள்விட்டம் உள்ள குழாய். குழாயின் ஆரம் பாதியானால் காற்றுக்கு எதிர்ப்பு இரண்டு மடங்கு ஆகும் என்று நினைப்போம். சீராக ஓடும் காற்றுக்கு அது பதினாறு மடங்கு! குழாய்ச் சுவரில் ஒரு சிறு சளித் துணுக்கு ஒட்டினால் போதும், பெட்டி போட்டுவைத்த கணக்கெல்லாம் தலைகீழ்.

பெட்டியை ஏமாற்றுவது சுலபம்

குழந்தை தானாக மூச்சு இழுக்கத் தொடங்கினால் பெட்டி அதைக் கவனித்து, அந்த நொடியே உதவி தர வேண்டும். இழுக்கத் தொடங்கியது எப்படித் தெரியும்? சென்சாரில் காற்று குழந்தைப் பக்கம் லேசாக நகரும். அந்த லேசான நகர்வுதான் சமிக்ஞை. சமிக்ஞையின் எல்லையைப் பெரிதாக வைத்தால், பலவீனமான குழந்தை இழுத்து இழுத்துப் பார்த்து ஓய்ந்துவிடும், பெட்டி கண்டுகொள்ளாது. சிறிதாக வைத்தாலோ வேறு கூத்து.

நீராவி குளிர்ந்து குழாயில் தண்ணீராகத் தேங்கிச் சளசளக்கும். அந்த அசைவை மூச்சு என்று நினைத்து பெட்டி காற்றைத் தள்ளும். செருகிய குழாயைச் சுற்றிக் காற்று கசியும். அதையும் மூச்சு என்று நினைக்கும். அட, குழந்தையின் இதயம் துடிக்கும்போது நுரையீரல் லேசாக அதிர்கிறதே, அதுகூட மூச்சாகிவிடும்! இதயத் துடிப்புக்கு ஏற்ப காற்று ஊதிக்கொண்டு, ‘குழந்தை நன்றாக மூச்சு விடுகிறது’ என்று திரையில் பெருமையாக எழுதியும் வைக்கும். அனுபவமுள்ள நர்ஸ் திரையைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் மார்பைப் பார்ப்பது இதனால்தான். குழாயைத் தட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் சில நேரம் நிமிடத்துக்கு 60 மூச்சு ஒரே கணத்தில் 30 ஆகிவிடும்.

இந்த வம்பே வேண்டாம் என்று காற்றைப் பார்ப்பதையே விட்டவர்களும் உண்டு. ஆய்வாளர் கிறிஸ்டர் சிண்டர்பியும் அவருடைய கூட்டாளிகளும் 1999-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். மூச்சு என்பது காற்று அசைவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது அல்லவா? மூளை ஆணையிடும், நரம்பு வழியாக அது உதரவிதானத்துக்கு வரும், தசையில் மின்சாரம் பாயும், பிறகுதான் காற்று நகரும். அப்படியானால் மின்சாரத்தையே பிடித்துவிட்டால்? மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் குட்டி மின்முனைகளைப் பதித்து, அவை உதரவிதானத்தின் பக்கத்தில் வந்து நிற்கும்படி வைத்தார்கள். மைக்ரோ வோல்ட் அளவிலான அந்த மின்சாரத்தை பெட்டி 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை படிக்கிறது. சமிக்ஞை கூடினால் உதவி கூடும், குறைந்தால் குறையும். இன்னும் ஒரு வேடிக்கை: குழந்தைக்குப் பால் போவதும் அதே குழாய் வழியாகத்தான். மேலிருந்து பால் இறங்குகிறது, கீழிருந்து மூளையின் செய்தி ஏறுகிறது!

கைகள்தான் முதல் கணினி

பெட்டியை ஒரு நிமிடம் அப்படியே விட்டுவிட்டு 1952 ஆகஸ்டுக்குப் போய்வருவோம். கோபன்ஹேகன் நகரின் பிளெக்டாம் மருத்துவமனையில் போலியோ நோயாளிகள் வந்து குவிகிறார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். மருத்துவமனையிடம் இருப்பது ஒரே ஒரு இரும்பு நுரையீரலும், மார்பைச் சுற்றி மாட்டும் ஆறு கவசக் கருவிகளும். முதல் சில வாரங்களில் இந்தக் கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துவிட்டார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் வேறு வழி சொன்னார்: தொண்டையில் துளையிட்டுக் குழாயைச் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கலாம். ஆகஸ்ட் 27-ஆம் தேதி 12 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் செய்து காட்டினார். அவள் பிழைத்தாள்.

அப்புறம் பை இருக்கிறது, அழுத்தக் கை வேண்டாமா? சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அழுத்தினார்கள். இறப்பு நூற்றுக்கு 25 அளவுக்கு இறங்கியது. இங்கே கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை மட்டும் அல்ல. அந்த மாணவர்களின் விரல்களுக்கு நுரையீரல் இறுகினால் தெரிந்தது. முகத்தில் வியர்வை பூத்தால், உதடு நீலம் பாய்ந்தால் கண்ணுக்குத் தெரிந்தது. உடனே கொஞ்சம் கூட்டி அழுத்தினார்கள். குழந்தை தானாக இழுக்கப் பார்த்தால் அதற்கு ஏற்ப விட்டுக்கொடுத்தார்கள். பார்ப்பது, கணிப்பது, திருத்துவது, மறுபடி பார்ப்பது. தானியங்கி என்று இன்று நாம் கொண்டாடுகிற சுழல் முழுவதும் அந்தக் கைகளிலேயே இருந்தது.

பின்னர் வந்த இயந்திரங்கள் அழுத்தக் கற்றுக்கொண்டன, பார்க்க மறந்துவிட்டன. சோர்வே இல்லாமல் ஊதும், யாருக்கு ஊதுகிறோம் என்று தெரியாது. மறந்த பாதியைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும் முயற்சி அப்போதே தொடங்கிவிட்டது. வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கருவியைப் பற்றி சாக்ஸ்டன், மையர்ஸ் என்ற இருவர் 1957-இலேயே எழுதிவிட்டார்கள்! 1977-இல் இன்னொரு யோசனை வந்தது: நிமிடத்துக்கு இவ்வளவு காற்று என்று ஒரு குறைந்தபட்சம் வைப்போம், நோயாளியால் முடியாததை மட்டும் இயந்திரம் நிரப்பட்டும். ‘முடியாததை மட்டும்’ என்ற எண்ணம் இயந்திரத்துக்குள் நுழைந்தது அப்படித்தான்.

விமானிகளுக்குப் போட்ட கணக்கு

இப்போது பெட்டியின் மூளைக்குள் போகலாம். அங்கே வேக வேகமாகச் சுற்றும் கடிகாரமும் உண்டு, ஆற அமரச் சுற்றும் கடிகாரமும் உண்டு. மில்லி விநாடிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டோம். அடுத்தது மூச்சுக்கு மூச்சு ஓடுவது.

ஒரு குழந்தைக்கு நிமிடத்துக்கு ஒரு குறிப்பிட்ட அளவு காற்று வேண்டும் என்று வையுங்கள். பெரிய மூச்சாக 20 தடவை கொடுக்கலாம், குட்டி மூச்சாக 60 தடவையும் கொடுக்கலாம். எது மேல்? பெரிய மூச்சு என்றால் இறுகிய நுரையீரலை ஒவ்வொரு தடவையும் நிறைய விரிக்க வேண்டும். குட்டி மூச்சு என்றால் காற்றில் பெரும்பகுதி குழாயிலும் தொண்டையிலும் போய் நின்றுவிட்டு, ரத்தத்தை எட்டாமலே திரும்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் உழைப்பு மிகக் குறைவாக இருக்கும் ஒரு வேகம் உண்டு. அது எது என்று கண்டுபிடிக்கும் சமன்பாட்டை ஓடிஸ், ஃபென், ரான் மூவரும் 1950-இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் உலகப் போரின்போது அவர்கள் ஆராய்ந்தது உயரத்தில் பறக்கும் விமானிகளின் மூச்சை!

சமன்பாடு அரை நூற்றாண்டு காலம் புத்தகத்தில் தூங்கியது. சுவிட்சர்லாந்தின் ஹாமில்டன் நிறுவனம் அதை எடுத்து வென்டிலேட்டருக்குள் வைத்தது. 1998-இல் கலிலியோ என்ற இயந்திரத்தில் இந்த முறை சந்தைக்கு வந்தது. டாக்டர் நோயாளியின் அளவைச் சொல்லி, எவ்வளவு உதவி என்று ஒரு சதவீதத்தைத் தருவார். பெட்டி சில சோதனை மூச்சுகளைக் கொடுத்துப் பார்க்கும். நுரையீரல் எவ்வளவு விரிகிறது, காற்று வெளியேற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும். பிறகு ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவைப் புதுப்பித்துக்கொண்டு, வேகத்தையும் ஆழத்தையும் மெல்ல நகர்த்தும்.

வெளியேறும் நேரத்தை ஏன் அளக்கிறது? உள்மூச்சை இயந்திரம் தள்ளலாம், வெளிமூச்சை யாரும் தள்ள முடியாது. நுரையீரல் தானாகச் சுருங்கித்தான் காற்று வெளியேற வேண்டும். அதற்கு ஒரு கால அளவு உண்டு. அதை ஒரு பங்கு என்று வைத்தால், ஒரு பங்கு நேரத்தில் 63 சதவீதம் வெளியேறும், இரண்டு பங்கில் 86, மூன்றில் 95. நிமிடத்துக்கு 40 மூச்சு என்றால் உள்ளே, வெளியே இரண்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது ஒன்றரை விநாடி. ஆஸ்துமாவிலோ, சிறு மூச்சுக்குழல்கள் வீங்கிய கைக்குழந்தைக்கோ அந்தப் பங்கு நீண்டுவிடும். முந்தைய மூச்சு வெளியேறுவதற்குள் அடுத்ததைத் திணித்தால் மார்புக்குள் காற்று சிறைபடும். பெட்டி இதைக் கவனித்து வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எல்லாப் பக்கமும் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள்: இதற்கு மேல் அழுத்தாதே, இதற்குக் கீழே போகாதே, இதைவிட வேகம் கூடாது. வேலிக்குள்தான் அதன் சுதந்திரம்.

உள்ளே கணேஷ் இருக்கிறார்!

இனி நிமிடக் கடிகாரம். என்னைக் கேட்டால் இந்தப் பெட்டியின் மிக அழகான மூலை இதுதான். பாரிஸுக்குப் பக்கத்தில் கிரெத்தேய் என்ற ஊரில் ஆன்ரி மோந்தோர் மருத்துவமனை இருக்கிறது. அங்கே மிஷெல் டோஜா, லோரான் ப்ரோஷார் முதலானோர் ஒரு கேள்வியோடு உட்கார்ந்தார்கள்: அனுபவமுள்ள மருத்துவர் படுக்கையருகே நின்று உதவியைக் கூட்டிக் குறைக்கிறாரே, அவர் தலைக்குள் இருக்கும் விதிகளைக் கணினிக்குச் சொல்லித்தர முடியுமா? 1992-இல் அவர்களுடைய மென்பொருளைப் பற்றிய கட்டுரை வந்தது. மென்பொருளுக்கு அவர்கள் வைத்த பெயரைக் கேளுங்கள்: கணேஷ்! 1997-இல் வந்த அடுத்த வடிவத்துக்கு நியோகணேஷ். பிரெஞ்சு மருத்துவமனையில், வென்டிலேட்டருக்குள், நம்ம பிள்ளையார்! இடைஞ்சலை நீக்கும் வேலையை அவரிடமே ஒப்படைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

வேடிக்கை அதோடு முடியவில்லை. நியோகணேஷ் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் ஃபிரான்சுவா பாஷே. பிற்பாடு சோனி நிறுவனத்தின் பாரிஸ் ஆய்வகத்தில், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இசையமைக்கும் ஆராய்ச்சிக்காகப் பேர் வாங்கினாரே, அதே பாஷேதான். 2016-இல் பீட்டில்ஸ் பாணியில் ‘டாடிஸ் கார்’ என்று ஒரு பாட்டு வந்தது, அவருடைய ஆய்வகத்தின் வேலை. மூச்சுக்கும் மெட்டுக்கும் ஒரே கை!

கணேஷ் பார்ப்பது மூன்றே மூன்று விஷயங்கள். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஒவ்வொரு மூச்சும் எவ்வளவு பெரிது, வெளிமூச்சின் கடைசியில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு. மூன்றும் நிம்மதியான எல்லைக்குள் இருந்தால், தருகிற அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். குறைத்துவிட்டுச் சில நிமிடம் பார்க்கும். குழந்தை மேல்மூச்சு வாங்கத் தொடங்கினால் திரும்பக் கூட்டும். சமாளித்துவிட்டால் இன்னும் கொஞ்சம் குறைக்கும். தானே சிறுத்துக்கொண்டே போகிற நடைவண்டி மாதிரி! பிறகு டிரேகர் நிறுவனம் இந்த விதிகளைத் தன் வென்டிலேட்டரில் ஸ்மார்ட்கேர் என்ற பெயரில் சேர்த்தது.

அதற்கு இருக்கிற நாசூக்கைப் பாருங்கள். சளி உறிஞ்சுவதற்காக நர்ஸ் குழாயைக் கழற்றினால், ‘ஐயோ மூச்சு நின்றுவிட்டதே’ என்று குதிக்காது. வேலை முடிந்து குழந்தை நிதானத்துக்கு வரும்வரை முடிவெடுப்பதைத் தள்ளிவைக்கும். இரவில் நோயாளி தூங்கட்டும், உதவியைக் குறைக்கும் வேலையை நிறுத்திவை என்று சொல்லிவைக்கவும் ஒரு வசதி இருக்கிறது. எல்லாம் கைகூடி உதவி மிகக் குறைந்த அளவுக்கு வந்ததும், அந்த நிலையில் குழந்தை தாக்குப்பிடிக்கிறதா என்று தானாகவே ஒரு பரீட்சை வைக்கும். தேறிவிட்டால் திரையில் ஒரு வரி வரும்: இயந்திரத்திலிருந்து பிரிப்பதைப் பரிசீலியுங்கள். கவனியுங்கள், ‘பரிசீலியுங்கள்’! குழாயை எடு என்று ஆணையிடாது. சொல்லிவிட்டுக் காத்திருக்கும்.

ஏன் இந்த அவசரம் என்று கேட்கலாம். உதரவிதானம் சோம்பேறித்தனம் தாங்காத தசை. முழுவதுமாக வென்டிலேட்டரை நம்பி 18 முதல் 69 மணி நேரம் சும்மா இருந்த உதரவிதானங்களின் இழைகள் மெலிந்துபோயிருந்ததை 2008-இல் ஒரு ஆய்வு காட்டியது. உறுப்பு தானம் செய்த மூளைச்சாவு நோயாளிகளிடம் செய்த ஆய்வு அது. உதவி கூடினால் தசை வாடும், குறைந்தால் களைத்து விழும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் குறுகியது, மணிக்கு மணி மாறுவது. நள்ளிரவில் எட்டுப் படுக்கைகளுக்கு நடுவே ஓடுகிறவர் யாரானாலும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியையும் திருத்திக்கொண்டிருக்க முடியாது. பெட்டிக்கு அந்தப் பொறுமை உண்டு, வேறு வேலையும் கிடையாது.

ஆக்சிஜனுக்குத் தனிக் கை

மூச்சின் அளவு ஒரு பக்கம். அதில் எவ்வளவு ஆக்சிஜன் கலப்பது என்பது இன்னொரு பக்கம். குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் இது கத்தி முனை. 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜன் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பாழாக்கியது. 1950-இல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வையிழந்ததும் இப்படித்தான். குறைந்தால் மூளைக்கு ஆபத்து, கூடினால் கண்ணுக்கு ஆபத்து. நர்ஸ் கையால் குமிழைத் திருப்பித் திருப்பி எல்லைக்குள் வைத்திருக்கப் பார்த்தால், ஏறத்தாழ பாதி நேரம்தான் வெற்றி கிடைக்கிறது. அந்த இன்னொரு பாதிக்காகத்தான் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் பீட்டர் டார்காவில் குழு ஒரு கணக்குமுறையை உருவாக்கியது. குழந்தையின் ஆக்சிஜன் அளவை விநாடிக்கு விநாடி பார்த்துக் கலவையைத் திருத்தும் அந்த முறை இப்போது குறைமாதக் குழந்தைகளுக்கான வென்டிலேட்டருக்குள் போய்விட்டது.

மாண்ட்ரியலின் முப்பது குழந்தைகள்

சரி, இந்த வித்தையெல்லாம் நிஜக் குழந்தைகளிடம் பலிக்கிறதா? கனடாவின் மாண்ட்ரியலில் சேன்ட் ஜஸ்டின் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஃபிலிப் ஜூவே குழுவினர் 30 குழந்தைகளை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஒரு அணிக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு அணிக்கு ஸ்மார்ட்கேர், அதாவது நம் கணேஷின் வாரிசு. 2013-இல் முடிவு வந்தது. உதவியைக் குறைத்துப் பிரித்தெடுக்க ஆன நேரத்தின் நடு அளவு வழக்கமான அணியில் 90 மணி. கணினி அணியில் 21 மணி!

துள்ளிக் குதிக்கலாம், ஆனால் ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டு. 30 பேர் என்பது சிறிய ஆய்வு, முன்னோட்டம்தான். உலகமெங்கும் நடந்த இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பை வெளியிட்டது. 21 ஆய்வுகள், 1,676 பேர். பிரித்தெடுக்கும் காலம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது, சந்தோஷம். அந்த 1,676 பேரில் குழந்தைகள் எத்தனை பேர் தெரியுமா? 48 பேர்.

குழந்தைகள் ஏன் வரிசையில் கடைசியில் நிற்கிறார்கள்? இதுவரை பெட்டிக்குள் பார்த்ததெல்லாம் பதில்தான். மூச்சு தேக்கரண்டிக் கணக்கில் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடை அளக்கும் சென்சாரை மாட்டினால் அதன் உள்ளிடமே ஒரு மூச்சில் குறிப்பிடத்தக்க பங்கைத் தின்றுவிடும். காற்று கசியும், காலை உதைத்தால் ஆக்சிஜன் சென்சார் உளறும். ஒரே வார்டில் 3 கிலோ கைக்குழந்தையும் 60 கிலோ பதின்வயதுப் பையனும் படுத்திருப்பார்கள். ஒருவருக்கு நிமிடத்துக்கு 45 மூச்சு சுகம், இன்னொருவருக்கு அது ஆபத்து மணி. பெரியவர்களுக்கு எழுதிய விதிகளை அப்படியே சுருக்கிப் போட்டால் குழந்தைக்கான விதி ஆகிவிடாது.

பெட்டிக்குத் தெரியாத கதைகள்

இத்தனை புத்திசாலிப் பெட்டியைத் தவறான பாதையில் அனுப்புவதும் சுலபம். பிறவி இதய நோயில் சில வகைகள் உண்டு. அந்தக் குழந்தைகளின் ஆக்சிஜன் அளவு 75 முதல் 85 சதவீதம் இருப்பதே மருத்துவர்கள் விரும்பும் நிலை. அதைத் தெரியாத பெட்டி 95-ஐ எட்டியே தீருவேன் என்று ஆக்சிஜனை ஏற்றினால், ரத்தம் உடலுக்குப் போவதை விட்டுவிட்டு நுரையீரலுக்குப் பாயும். இலக்கு என்ன என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். இலக்கை எட்டுவது மட்டுமே பெட்டியின் சாமர்த்தியம்.

பெட்டி தன் கண்களை நம்பியே ஆக வேண்டும், கண்ணே பொய் சொன்னால்? விரலில் மாட்டும் ஆக்சிஜன் சென்சார் தோலின் வழியாக ஒளியைப் பாய்ச்சி அளக்கிறது. கறுப்பின நோயாளிகளிடம் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டி, ஆக்சிஜன் பற்றாக்குறையை மறைத்துவிடுவது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020-இல் அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு சொன்னது. அந்த எண்ணை நம்பி ஆக்சிஜனைத் தானே குறைக்கும் இயந்திரம் கருத்த தோல்காரர்கள் வாழும் ஊருக்கு வரும்போது, சென்சார் சொல்வது உண்மைதானா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். நம் ஊரும் அதில் சேர்த்தி.

அப்புறம் திடீர்ச் சரிவு. எண்கள் சட்டென்று கீழே விழுந்தால் மருத்துவர்கள் மனசுக்குள் ஓட்டும் பட்டியல் நான்கே வரி: குழாய் நகர்ந்துவிட்டதா, அடைத்துவிட்டதா, நுரையீரலுக்கு வெளியே காற்று புகுந்துவிட்டதா, இயந்திரமே பழுதா? அந்த நேரத்தில் எவ்வளவு படித்த பெட்டியானாலும் ஓரங்கட்டப்படும். குழாயைக் கழற்றிப் பையை மாட்டிக் கையால் அழுத்துவார்கள். கோபன்ஹேகன் மாணவர்களின் அதே பை, அதே கை, இறுக்கத்தைத் தேடும் அதே விரல்கள். எந்தத் தானியங்கி வென்டிலேட்டரின் பக்கத்திலும் அந்தப் பை தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

மூடியைத் திரும்ப மாட்டும் முன் ஒன்று. கார் ஓட்டும் இயந்திரத்தை எவ்வளவு தூரம் ஓட்டியது என்று கேட்டு மெச்சுவோம். இந்தப் பெட்டியை மெச்ச வேண்டுமானால் எவ்வளவு சீக்கிரம் தேவைப்படாமல் போனது என்று கேட்க வேண்டும். தன் வேலை பறிபோவதற்காக இரவு பகலாக உழைக்கிற ஆளை வேறெங்கே பார்ப்போம்?

ஆகவே எப்போதாவது ஒரு குழந்தையின் படுக்கையருகே நிற்க நேர்ந்தால், திரையில் ஓடும் எல்லா எண்களையும் புரிந்துகொள்ள முயன்று திணற வேண்டாம். டாக்டரிடமோ நர்ஸிடமோ மூன்று கேள்விகள் போதும். குழந்தை தானாக எத்தனை மூச்சு எடுக்கிறது? ஆக்சிஜன் இலக்கு எவ்வளவு, ஏன் அந்த அளவு? இன்று உதவியைக் குறைத்துப் பார்த்தீர்களா? பெட்டிக்குள் ஓடுகிற அத்தனை கணக்கும் இந்த மூன்றுக்குள் அடக்கம். மூன்றாவது கேள்விக்கு ‘குறைத்தோம், தாங்குகிறது’ என்று பதில் வந்தால், பெட்டி தோற்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தாராளமாகக் கைதட்டலாம்!